ஒப்பீட்டு முயல்

ஆகஸ்ட் 3, திங்கள்

இன்று நான் சொல்லாதது: "அது எல்லா முயலுக்கும் இருப்பதுதான், ஜெசிந்தா."

ஒரே வாக்கியம். நாக்கின் நுனி வரை வந்தது. காலையில் பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் அவள் இறந்த முயல் ஒன்றைத் திறந்து, சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தைக் கத்தரியால் தூக்கிக் காட்டினாள். அங்கே உருண்டையாக, வெளுப்பாக, சுவர் தடித்த ஒரு பை.

"ஏட்டி கோதை, இங்க பாரேன்! கொழுக்கட்டை மாதிரி வீங்கிக் கிடக்கு. நாலு முயலுக்கும் அதே இடம், அதே தடிப்பு."

தூத்துக்குடிக்காரி. யாரையும் ஏட்டி என்று கூப்பிட்டுவிட முடியும் அவளால். எங்கள் துறைத் தலைவியைத் தவிர எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். இரண்டு வருடமாக விடுதியில் என் அறைத்தோழி, கால்நடை மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறையில் என்னோடு முதுகலை படிப்பவள்.

நான் குனிந்து பார்த்தேன். பையின் மேல் தேனடை போல மெல்லிய கோடுகள். முயலின் குடலில் அந்த இடத்தில் இயற்கையாகவே அப்படி ஒரு பை உண்டு. ஆட்டுக்குக் கிடையாது, மாட்டுக்குக் கிடையாது. இந்த ஊரில் எங்களுக்கு வருவதெல்லாம் கோழி. பாடத்தில் முயலுக்கு ஒன்றிரண்டு பக்கம்தான். நான் அந்தப் பக்கங்களுக்கு வெளியேயும் படித்தவள். போன வருடம் துறைத் தலைவி அங்கயற்கண்ணி மேடத்தின் அலமாரியில் இருந்து ஒரு பழைய உடற்கூறியல் புத்தகம் வாங்கி, தேவையே இல்லாமல் முயல் அத்தியாயம் முழுவதையும் படித்தேன்.

"என்னட்டி, சத்தத்தையே காணோம்?"

"கத்தரியைக் கழுவிட்டு வர்றேன்" என்றேன்.

பிழுக்கையையும் அவளே பார்த்தாள். காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி ஒன்றிரண்டுதான் என்றாள். அது எந்தப் பண்ணை முயலிலும் இருக்கும். ஆகவே எல்லாருடைய கண்ணும் பைக்குப் போய்விட்டது.

மதியம் மெஸ்ஸில் புளிக்குழம்பு. உப்பு அதிகம்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

துறையில் இரட்டை மைக்ராஸ்கோப் ஒன்று இருக்கிறது. ஒரே ஸ்லைடை இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு பக்கம் மேடம். மறுபக்கம், போன மார்ச் வரை, நான்.

மேடம் ஸ்லைடை நகர்த்தும்போது நம் கண்ணுக்குள்ளும் அது நகரும். அவர் எங்கே நிற்கிறாரோ நாமும் அங்கே நிற்போம். அவர் பேசாமல் ஒரு செல்லைக் காட்டுவார். நாம் பேசாமல் புரிந்துகொள்வோம். பிறகு அவர் பிளாஸ்கில் இருந்து காபி ஊற்றிக்கொண்டு, சமீபத்தில் படித்த நாவலைப் பற்றிக் கேட்பார். நான் சொல்வேன். இன்னொருவரோடு அவ்வளவு அமைதியாக நான் எங்கும் இருந்ததில்லை.

இன்று அந்த இருக்கையில் ஜெசிந்தா. வெளியே வராந்தா வரை சிரிப்பு கேட்டது. அவள் நாவல் படிப்பதில்லை. கடைசியாக முழுதாகப் படித்தது பிரஷர் குக்கரோடு வந்த கையேடு என்று அவளே சொல்லிக்கொள்வாள். மேடம் அதற்கும் சிரிப்பார்.

பை ஸ்லைடைப் பார்த்துவிட்டு மேடம் சொன்னாராம்: "வீக்கம் மாதிரிதான் இருக்கு. ஆனா நான் முயல் அறுத்து இருபது வருஷம் ஆச்சும்மா. நல்லா இருக்கற முயல் ஒண்ணோட வச்சுப் பாக்காம எதுவும் சொல்லக் கூடாது. கன்ட்ரோலுக்கு அனுமதி கேட்டு எழுதிப் போடு."

நல்ல முயலைக் கொல்ல அனுமதிக் குழு கையெழுத்துப் போட ஒரு வாரமாவது ஆகும்.

புத்தகங்களில் பொறாமை எப்போதும் காதலைப் பற்றியதாக இருக்கிறது. ஒரு முக்காலிக்காகப் பொறாமைப்பட்டவளைப் பற்றி யாரும் எழுதி நான் படிக்கவில்லை.

ஆகஸ்ட் 6, வியாழன்

முயல்களின் சொந்தக்காரர் வந்திருந்தார். பாண்டிச்செல்வி. மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் வளர்க்கிறார். திருப்பூரில் பத்து வருடம் பனியன் தைத்துவிட்டு, கழுத்துவலி தாங்காமல் ஊர் திரும்பி ஆரம்பித்ததாம். பஸ்ஸில் மடியில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே இரண்டு குட்டிகள், இறந்து விறைத்தவை.

"கண்டக்டர் என்னத்தம்மா வச்சிருக்கன்னான். பலகாரம்னு சொல்லிட்டேன். செத்ததுன்னா ஏத்த மாட்டான்ல" என்றார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, பெட்டியின் மூடியைச் சரிசெய்தார்.

"டாக்டரம்மா, ஒண்ணு மட்டும் தெரியணும். இது மத்ததுக்கும் ஒட்டுமா? பக்கத்துத் தோட்டத்துல எங்க நாத்தனாளும் முயல் வச்சிருக்கா. என்னால அவ கொட்டகையும் போச்சுன்னா நான் அந்த ஊர்ல குடியிருக்க முடியாது. அம்புட்டையும் அழிச்சிரச் சொல்றீகளா, வச்சிருக்கச் சொல்றீகளா?"

"இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க, ஸ்லைடு பாக்கணும்" என்றார் மேடம்.

"எத்தன உருப்படி இருக்குக்கா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"அறுபதுக்கு மேல இருக்கும் தங்கம். ஒவ்வொண்ணுக்கும் எம்மக பேரு வச்சிருக்கா. ஒரு பெருசுக்கு எங்க மாமியா பேரு. கடிக்கும்ல, அதான்."

ஜெசிந்தா அடிவயிற்றில் இருந்து சிரித்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரை கூடவே போய், தன் செல்போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நானும் அங்கேதான் நின்றேன். பாண்டிச்செல்வி என்னை ஏதோ ஆபீஸ் வேலைக்காரி என்று நினைத்திருக்க வேண்டும். போகும்போது என்னிடம் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

ஜெசிந்தா நேராகவே கேட்டுவிட்டாள்.

"நீ ஊர்ல உள்ள புத்தகமெல்லாம் படிச்சவளாச்சே. முயல் குடல்ல இந்த இடம் எப்படி இருக்கும்னு எங்கேயாச்சும் பாத்திருக்கியா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை, மூக்கின் மேல் ஒரு துளி சிவப்புச் சாயம். என்னை நம்பித்தான் கேட்டாள்.

"தெரியல" என்றேன்.

"உனக்கே தெரியலன்னா இது புதுசுதான்ட்டி!" என்று தோளில் ஒன்று வைத்தாள்.

என் பதிலே அவளுக்கு ஆதாரமாகிவிட்டது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

அனுமதி வந்து நல்ல முயலைத் திறந்தால் தானாகவே தெரிந்துவிடும். மேடத்தின் எதிரில், எல்லாரும் இருக்கும்போது. நான் சொன்னால் என்ன, முயல் சொன்னால் என்ன?

போகும்போது ஒரு ட்ரே ஸ்லைடு என் மேசையில் வைத்தாள். சிறுகுடலின் மேல் பகுதிகள். "நான் பையைப் பாத்துக்கிடுதேன், மீதியை மட்டும் நீ ஒரு பார்வை பாத்துடு, செல்லம்லா" என்றாள்.

மீதி.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். மூன்று சேலை, ஆய்வகக் கோட்டு இரண்டு. கோட்டின் சாயக்கறை போகவில்லை.

ஜெசிந்தா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மல்லிகையை எனக்குப் பாதி கிள்ளிக் கொடுத்தாள். நான் வைத்துக்கொண்டேன். அவள் என்னிடம் எப்போதுமே இப்படித்தான். வெறுக்க ஏதாவது செய்து தொலைத்தால் வசதியாக இருக்கும்.

துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பாண்டிச்செல்வியின் போன். ஜெசிந்தா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தலைவாரினாள்.

"தங்கம், இன்னைக்கு இன்னும் மூணு. நீ அறுத்துப் பாத்ததுல எத்தனைல அந்த வீக்கம் இருந்துச்சு?"

"எல்லாத்துலயும் இருக்குக்கா, அதே தடிப்பு. ஆனா மேடம் சொல்லட்டும். அதுவரை ஒண்ணும் பண்ணிராதீங்க."

"எல்லாத்துலயுமா?"

"ஆமாக்கா. ஆனா பொறுங்க."

"எல்லாத்துலயும்" என்று அவர் மறுபடி சொன்னார், தனக்குத்தானே. பின்னால் ஒரு கோழி கத்தியது. போன் வைக்கப்பட்டது.

அப்போது சொல்லியிருக்கலாம். மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 10, திங்கள்

ட்ரே இன்னும் மேசையில் இருக்கிறது. அதன் மேல் என் புத்தகங்களை வைத்திருக்கிறேன், இடம் பற்றவில்லை.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது. நாளை காலை.

கன்ட்ரோலுக்கு எந்த முயல் என்று மேடம் கேட்டபோது, ஜெசிந்தா சொன்னாள்: "அனிமல் ஹவுஸ்ல அந்த பிரவுன் ஒண்ணு சும்மாதானே மேடம் இருக்கு."

மருந்தியல் துறையின் ஏதோ ஒரு பரிசோதனைக்காக வாங்கி, பிறகு பயன்படுத்தாமல் விட்டுப்போன முயல் அது. அதற்குப் பெயர் கிடையாது. நான் தினமும் வரும் வழியில் தீவன வயலில் இருந்து ஒரு பிடி வேலிமசால் பறித்துக் கொடுப்பேன். என் காலடிச் சத்தம் கேட்டால் கூண்டின் முன்பக்கம் வந்து நிற்கும். இது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"அது நம்ம கோதையோட சிநேகிதி ஆச்சே" என்றார் மேடம், கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து. "உனக்குப் பரவாயில்லையா? வேற வாங்கலாம். ரெண்டு நாள் தள்ளும், அவ்வளவுதான்."

எத்தனை மாதத்துக்குப் பிறகு என்னை அப்படிப் பார்த்தார். அவருக்கு அது தெரிந்திருக்கிறது, எந்த ஜன்னலில் இருந்தோ பார்த்திருக்கிறார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அந்த நிமிடத்தில் "மேடம், எந்த முயலையும் திறக்க வேண்டாம்" என்று நான் சொல்லியிருந்தால், "எப்போதிருந்து தெரியும்?" என்று அவர் கேட்டிருப்பார்.

"பரவாயில்ல மேடம்" என்றேன்.

மாலையில் வேலிமசால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 12, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மேடம், "நீ பிடி கோதை, உங்கிட்ட பழகினது, மிரளாது" என்றார். பிடித்தேன். மிரளவில்லை. காது நரம்பில் ஜெசிந்தா ஊசி போட்டாள். என் மணிக்கட்டில் அதன் மூக்கு அசைந்துகொண்டே இருந்தது, பிறகு அசையவில்லை.

திறந்தார்கள். சிறுகுடல் முடியும் இடத்தில் அதே உருண்டைப் பை. அதே வெளுப்பு, அதே தடிப்பு, அதே தேனடைக் கோடுகள். பக்கத்திலேயே, இறந்த முயல்களில் இருந்து எடுத்து ஃபார்மலினில் வைத்த பைகள். வித்தியாசம் ஒன்றுமில்லை.

கூடத்தில் யாரும் பேசவில்லை. இந்த மௌனத்துக்காகத்தான் நான் ஒன்பது நாளாகக் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஜெசிந்தா கையுறையோடு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ மேடம்! ஆண்டவர் வச்சு அனுப்பின உறுப்புக்கு நான் நோய்னு பேரு வச்சிருக்கேனே! நல்லவேளை, மனுசனுக்கு வைத்தியம் படிக்கல. மூக்கைப் பாத்துட்டு முகத்துல கட்டின்னு எழுதியிருப்பேன்!"

முதலில் மேடம் சிரித்தார். பிறகு இளங்கலை மாணவர்கள், பிறகு எல்லாரும். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும்தானேம்மா வீக்கம்னேன். இதுக்குத்தான் கன்ட்ரோல்ங்கறது" என்று அவள் தலையில் செல்லமாகத் தட்டினார்.

அவமானம் என்று நான் எதை வைத்திருந்தேனோ, அதை அவள் எல்லாருக்கும் பலகாரம் போலப் பங்கு வைத்துவிட்டாள். முன்னைவிட அதிகமாக அவளைப் பிடித்துப்போயிற்று அவர்களுக்கு.

"கோதைகிட்டகூட கேட்டேன் மேடம். அவளுக்கே தெரியல!"

மேடம் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா?"

"இல்லை மேடம்."

இன்னும் ஒரு கணம் பார்த்தார். அந்தப் பழைய புத்தகத்தை அவர்தான் எனக்குக் கொடுத்தார்.

"சரி" என்றார்.

நல்ல செய்தி சொல்ல ஜெசிந்தா கூடத்துக்கு வெளியே போய் பாண்டிச்செல்விக்குப் போன் போட்டாள். கதவு திறந்திருந்தது.

"அக்கா, அது நோயே இல்லக்கா! எல்லா முயலுக்கும் அப்படித்தான் இருக்குமாம். நான்தான் முட்டாள்... என்னக்கா?... எப்போ?"

உள்ளே வந்தபோது கையுறையைக் கழற்ற மறந்திருந்தாள்.

"நேத்து" என்றாள். "நாத்தனார் வீட்டு முயல் ஒண்ணு கழிய ஆரம்பிச்சிருக்கு. ஊரே வந்து வாசல்ல நின்னுருக்கு. எல்லாத்துலயும் இருக்குன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்களேன்னு... அம்புட்டையும் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடிட்டாங்க மேடம். மக பள்ளிக்கூடம் போன நேரம் பாத்து."

மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார்.

பையை மட்டும் ஃபார்மலினில் வைத்துவிட்டு, பிரவுன் முயலை நான்தான் பொதிந்து, எரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன்.

ஆகஸ்ட் 13, வியாழன்

பை காரணமில்லை என்றால் அவை எதனால் செத்தன? காலையில் வந்ததும் மேடம் கேட்ட முதல் கேள்வி.

புத்தகங்களை எடுத்துவிட்டு ட்ரேயைத் திறந்தேன். முதல் ஸ்லைடை வைத்த உடனேயே தெரிந்தது. தேட வேண்டியிருக்கவில்லை. சிறுகுடலின் உட்சுவர் முழுக்க காக்சிடியா, ஒவ்வொரு செல்லுக்குள்ளும், விதைத்ததுபோல். பிழுக்கையில் இறங்குவதற்கு முன்பே முயல் செத்துப்போகும் அளவுக்குச் சுவரை அரித்திருந்தது. இரண்டாவது ஸ்லைடிலும் அதேதான். எல்லாவற்றிலும் அதேதான். ஒரு மாணவி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும்.

இதற்கு மருந்து உண்டு. குடிக்கும் தண்ணீரில் கலந்து கொடுத்து, கூண்டைக் காயவைத்து, குட்டிகளைத் தனியே பிரித்திருந்தால், பெரும்பாலானவை பிழைத்திருக்கும்.

மேடத்தை அழைத்துக் காட்டினேன். அவர் என் மேசையிலேயே நின்று குனிந்து பார்த்தார். நிமிர்ந்ததும், "இந்த ஸ்லைடு எப்பம்மா உன் கைக்கு வந்துச்சு?" என்றார்.

"நேத்து மேடம்."

அது வாயில் இருந்து வந்த பிறகுதான், ஜெசிந்தா எனக்குப் பின்னால் கதவருகே நிற்பது தெரிந்தது. முகம் அழுது வீங்கியிருந்தது. மேடம் அவளைப் பார்த்தார்.

"ஆமா மேடம்" என்றாள் ஜெசிந்தா. "நான்தான் கொடுக்க லேட் பண்ணிட்டேன்."

துக்கத்தில் இருப்பவர்களுக்கு நாள் குழம்பும். அவள் உண்மையிலேயே மறந்திருக்கலாம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 14, வெள்ளி

பாண்டிச்செல்வியின் நாத்தனாருக்கு மருந்து எழுதி அனுப்பினோம். ஜெசிந்தா தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் வந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"சாப்பிட்டேன், பூங்கோதை."

என் முழுப்பெயரை அவள் சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 17, திங்கள்

மேடம் ஒரு நாவல் கொடுத்தார். முன்பு போலத்தான், அட்டையைக் கையால் துடைத்துவிட்டு. படித்ததும் சொல் என்றார். ஆனால் காபி ஊற்றவில்லை.

முதல் அத்தியாயத்தையே மூன்று முறை படித்தேன். மனதில் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

ஜெசிந்தா கோயிலில் இருந்து நேராக மலைக்குப் போகிறாள், போன ஞாயிறும் இப்படித்தான். நாத்தனாரின் கொட்டகையில் அவளும் பாண்டிச்செல்வியும் சேர்ந்து கூண்டுகளைத் தரையில் இருந்து தூக்கிக் கட்டுகிறார்களாம். பாண்டிச்செல்வி அவளைத் தங்கம் என்றுதான் இன்னும் கூப்பிடுகிறார். போனில் கேட்டது. அறுபது முயலைப் புதைத்தவருக்கு எப்படி அந்தச் சொல் வருகிறது? இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

மல்லிகையின் மணம் அறையில் இல்லை. தரை சுத்தமாக இருக்கிறது. துணி துவைக்க வேண்டியதில்லை. நானும் வரட்டுமா என்று கேட்பதாக இருந்தேன். அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.

செப்டம்பர் 21, திங்கள்

பாண்டிச்செல்வி மறுபடி முயல் வாங்கவில்லை. கொட்டகையைப் பிரித்துவிட்டு, மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, திருப்பூருக்குத் தைக்கப் போய்விட்டார். நாத்தனாரின் முயல்கள் பிழைத்துக்கொண்டன.

ஜெசிந்தா ஆய்வுத் தலைப்பை மாற்றி, கோழிக் கல்லீரல் எடுத்துக்கொண்டாள். போன வாரம் அறையையும் மாற்றிக்கொண்டாள். கீழ்த்தளத்தில் காற்று நன்றாக வருகிறது என்றாள். முயல் குடல் தலைப்பை மேடம் எனக்குக் கொடுத்தார்.

இன்று காலை இரட்டை மைக்ராஸ்கோப்பில் அவருக்கு எதிரே நான் உட்கார்ந்தேன். நல்ல முயலின் பை, அந்த பிரவுன் முயலுடையது. அவர் ஸ்லைடை நகர்த்தினார். நானும் நகர்ந்தேன். முடியும் வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை.